ஃபிட்ஸ்ராய்: மைதானத்தை இழந்த கிளப்

கேள்வி இதுதான்: மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் ஃபுட்பால் கிளப் எட்டு முறை கோப்பை வென்ற பழைய கிளப். அது ஏன் 1996-ல் தேசிய லீக்கிலிருந்து காணாமல் போனது? இன்றைய பிரிஸ்பேன் லயன்ஸ் அதே கிளப்தானா?

கையில் காசில்லாமல் போனது என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் காலத்தில் மெல்பர்னில் காசில்லாத கிளப்புகள் இன்னும் பல இருந்தன. ஃபுட்ஸ்கிரே, ரிச்மண்ட், ஹாதார்ன் என்று ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வருடம் மூடும் நிலைக்குப் போய்த் திரும்பி வந்தவைதான். ஃபிட்ஸ்ராய் மட்டும் திரும்பாமல் போனதற்கு என் கணக்கில் முதல் காரணம், 1966-க்குப் பிறகு அதற்கு ஊரில் மைதானம் இல்லை என்பது. அதைப் புரிந்துகொள்ள ஆரம்பத்திலிருந்தே வர வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்திரேலிய ஃபுட்பால், அங்கே செல்லமாக ஃபுட்டி, பக்கத்துக்கு 18 பேர் ஆடுவது. முட்டை வடிவப் பந்து. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. இதன் விதிகளை 1859-ல் மெல்பர்னில் எழுதினார்கள். குளிர்காலத்தில் சும்மா கிடந்த கிரிக்கெட் மைதானங்களில்தான் இது வளர்ந்தது. அதனால் மைதானம் பெரும்பாலும் நகராட்சி கையிலோ கிரிக்கெட் கிளப் கையிலோ இருந்தது. ஃபுட்பால் கிளப் அங்கே குடியிருந்தவர் மாதிரிதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஃபிட்ஸ்ராய் என்பது மெல்பர்ன் நகர மையத்தை ஒட்டி வடகிழக்கே இருக்கும் பகுதி. 1858-லேயே தனி நகராட்சி ஆனது. நெருக்கமான சிறு வீடுகள், ஷூ தைக்கும் தொழிற்சாலைகள், தெருவுக்குத் தெரு மதுக்கடை. கிழக்கே ஸ்மித் தெரு. அந்தத் தெருவின் இந்தப் பக்கம் ஃபிட்ஸ்ராய், அந்தப் பக்கம் காலிங்வுட். 1883 செப்டம்பரில் ஒரு கூட்டம் போட்டு கிளப்பை ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே விக்டோரியா சங்கப் போட்டிகளில் சேர்ந்து, 1895-ல் அதன் கோப்பையையும் வென்றார்கள். 1897-ல் எட்டு கிளப்புகள் அந்தச் சங்கத்திலிருந்து பிரிந்து விக்டோரிய ஃபுட்பால் லீக்கைத் தொடங்கின. இன்றைய தேசிய லீக்கான ஏஎஃப்எல்லின் வேர் அதுதான். அந்த எட்டில் ஒன்று ஃபிட்ஸ்ராய். புது லீக்கின் இரண்டாவது, மூன்றாவது கோப்பைகள், அதாவது 1898, 1899, இவர்களுடையவை. அப்புறம் 1904, 1905, 1913. இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் மெல்பர்னில் இவர்களை வெல்ல ஆள் தேட வேண்டியிருந்தது.

1916-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் பல கிளப்புகள் ஆட மறுத்தன. கார்ல்டன், காலிங்வுட், ரிச்மண்ட், ஃபிட்ஸ்ராய் என்ற நான்கு தொழிலாளர் வட்டாரக் கிளப்புகள் மட்டும் களத்தில் நின்றன. பன்னிரண்டு ஆட்டத்தில் இரண்டே வெற்றி, ஒரு டிரா என்று ஃபிட்ஸ்ராய் கடைசி இடத்தில் முடித்தது. ஆனால் நான்கே அணிகள், இறுதிச் சுற்றுக்கும் நான்கு அணிகள்! கடைசியாக வந்தவர்கள் இறுதிச் சுற்றில் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். ஒரே வருடத்தில் கடைசி இடமும் கோப்பையும் ஒரே கிளப்புக்குப் போனது அந்த லீக்கில் அந்த ஒரு தடவைதான்.

1922-ல் இன்னொரு கோப்பை. அதன் பிறகு வந்த 1930-கள் எனக்கு இந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி. கோப்பை ஒன்றும் வரவில்லை. ஆனால் ஆட்டக்காரர்களைப் பாருங்கள். லீக்கின் மிகச் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்குக் கொடுப்பது பிரவுன்லோ பதக்கம். 1931 முதல் 1936 வரை ஆறு பதக்கங்களில் ஐந்து ஃபிட்ஸ்ராய்க்கு வந்தன. ஹேடன் பன்டன் மூன்று முறை, வில்ஃப்ரெட் ஸ்மால்ஹார்ன் ஒரு முறை, டெனிஸ் ரயன் ஒரு முறை.

பன்டன் ஆல்பரி ஊர்க்காரர். அவரை இழுக்க மெல்பர்ன் கிளப்புகள் போட்டி போட்டன. ஓர் ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று லீக் 1930-ல் சட்டம் போட்ட நேரம் அது. ஃபிட்ஸ்ராய் அவருக்கு மறைவாகப் பணம் கொடுத்தது வெளியே வந்து, 1930 முழுதும் அவர் ஆட முடியாமல் உட்கார்ந்தார். மறு வருடம் களமிறங்கி, முதல் சீசனிலேயே பிரவுன்லோ. பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கத்திய உயர்ந்த பதக்கத்தையும் மூன்று முறை வாங்கினார். ஸ்மால்ஹார்னின் கதை வேறு விதம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்களிடம் சிறைப்பட்டு சிங்கப்பூர் சாங்கி முகாமில் இருந்தார். அந்த முகாமுக்குள் கைதிகள் ஃபுட்டி லீக் ஒன்றே நடத்தினார்கள், தங்களுக்கென்று ஒரு பிரவுன்லோ பதக்கமும் வைத்துக்கொண்டார்கள். அதை நடத்தியவர்களில் ஸ்மால்ஹார்னும் ஒருவர்.

ஆனால் அந்தக் காலத்து ஃபிட்ஸ்ராயில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் டக் நிக்கோல்ஸ். முர்ரே ஆற்றங்கரையில் பழங்குடியினரை வைத்திருந்த கம்மரகஞ்சா குடியிருப்பில் 1906-ல் பிறந்தவர். உயரம் 158 சென்டிமீட்டர்கூட இல்லை. ஓட்டத்தில் அவரைப் பிடிக்க முடியாது. 1927-ல் கார்ல்டனில் ஆட வந்தார். அவர் கறுப்பர் என்பதால் அங்கே அவர் உடம்பைப் பிடித்துவிடவும் மறுத்தார்கள், ஒதுக்கினார்கள், அவர் வெளியேறினார். நார்த்கோட் கிளப்புக்குப் போய் 1929-ல் அவர்களோடு கோப்பை வென்றார். 1932-ல் ஃபிட்ஸ்ராய் அவரைக் கூட்டி வந்தது. உடைமாற்றும் அறையில் அவர் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, லீக்கின் மிகப் பெரிய நட்சத்திரமான பன்டன் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார் என்பது அந்தக் கிளப்பில் இன்றும் சொல்லப்படும் செய்தி. நிக்கோல்ஸ் 54 ஆட்டம் ஆடினார், 1935-ல் விக்டோரியா மாநில அணிக்கும் ஆடினார். பிறகு ஃபிட்ஸ்ராயிலேயே பாதிரியாராகி, பழங்குடி மக்களின் உரிமைக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தார். 1972-ல் சர் பட்டம். 1976-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பழங்குடியினர் அவர்தான். இன்று ஏஎஃப்எல் ஆண்டுதோறும் பழங்குடி மக்களைக் கொண்டாடும் சுற்றுக்கு அவர் பெயர்தான். ஃபிட்ஸ்ராய் வென்ற எட்டுக் கோப்பைகளையும்விட, கார்ல்டன் துரத்திய ஒருவரை ஏற்றுக்கொண்டதே அதன் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

1944-ல் ஃபிரெட் ஹியூசன் கேப்டனாகவும் பயிற்சியாளராகவும் இருந்து ரிச்மண்டை 15 புள்ளியில் வென்றதுதான் எட்டாவது கோப்பை, கடைசியும் கூட. அதற்கு மேல் 52 வருடம் லீக்கில் ஆடியும் ஒரு முறைகூட இறுதிப் போட்டிக்கு அவர்கள் வரவில்லை.

ஏன்? இங்கேதான் வட்டாரத்தைப் பார்க்க வேண்டும். 1915 முதல் லீக்கில் மண்டல முறை இருந்தது. நீங்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்களோ அதை வைத்தே எந்தக் கிளப்புக்கு ஆடலாம் என்று தீர்மானமாகும். ரசிகர்களும் அப்படித்தான். அப்பா எந்தக் கிளப்போ பிள்ளையும் அந்தக் கிளப். போருக்குப் பிறகு நிலைமை மாறியது. கொஞ்சம் வசதி வந்த குடும்பங்கள் தள்ளித் தள்ளிப் புதுப் பகுதிகளுக்குக் குடிபோனார்கள். அவர்கள் விட்டுப்போன சிறு வீடுகளுக்கு இத்தாலியிலிருந்தும் கிரீஸிலிருந்தும் வந்தவர்கள் குடிவந்தார்கள். அவர்களில் பலருடைய ஆட்டம் சாக்கர். அப்புறம் பழைய தெருக்களையே இடித்து அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. காலிங்வுட்டுக்கும் ரிச்மண்டுக்கும் இதே மாற்றம் வந்தது. ஆனால் அவற்றின் ரசிகர் கூட்டம் முன்பே மிகப் பெரியது, வெளியே போனவர்கள் சனிக்கிழமைதோறும் ரயிலேறித் திரும்பி வந்தார்கள். ஃபிட்ஸ்ராய் மிகச் சிறிய பகுதி. மேற்கே கார்ல்டன், கிழக்கே காலிங்வுட் என்று இரண்டு பெரிய கிளப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஊர். அதற்கு அந்த வசதி இல்லை.

அந்த வருடங்களைத் தோளில் தாங்கியவர் கெவின் மரே. ஃபிட்ஸ்ராய்க்காக 333 ஆட்டம். கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு ஒன்பது முறை. 1963-ல் அணி சீசன் முழுதும் ஒரே ஓர் ஆட்டம்தான் ஜெயித்தது. அந்த ஒன்றும் யாரோடு தெரியுமா, அந்த வருடமே கோப்பை வென்ற ஜீலாங்கோடு. மாநில அணிக்கு ஆடப் போயிருந்ததால் மரே அன்று அணியிலேயே இல்லை. 1964-ல் அந்த ஒன்றும் கிடையாது, 18 ஆட்டமும் தோல்வி. இப்படிப்பட்ட அணியிலிருந்து 1969-ல் மரே பிரவுன்லோ வென்றார். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் ஒருவர் இத்தனை வருடம் முழு மனதோடு ஆடுவதைவிடக் கடினமான விஷயம் விளையாட்டில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது மைதானம். எடின்பரோ பூங்காவுக்குள் இருக்கும் பிரன்ஸ்விக் தெரு மைதானம்தான் ஆரம்பம் முதல் கிளப்பின் வீடு. 1888-ல் கட்டிய மரப் பார்வையாளர் மாடம் இன்றும் அங்கே நிற்கிறது. மைதானம் பழுதாகிக்கொண்டு போனது, யார் செலவு செய்வது, குத்தகை என்ன என்பதில் சுமுகமான ஏற்பாடு அமையவில்லை. 1966 ஆகஸ்டில் செயின்ட் கில்டாவோடு அங்கே கடைசியாக லீக் ஆட்டம் ஆடினார்கள். 1967-ல் பரம எதிரி கார்ல்டனின் பிரின்சஸ் பார்க் மைதானத்துக்குப் போனார்கள். 1970-ல் யாரா ஆற்றுக்குத் தெற்கே, செயின்ட் கில்டாவில் இருக்கும் ஜங்ஷன் ஓவல். 1985-ல் காலிங்வுட்டின் விக்டோரியா பார்க். 1987-ல் மறுபடி பிரின்சஸ் பார்க். 1994-ல் மேற்கே ஃபுட்ஸ்கிரேயின் மைதானம். நடுவில் சில ஆட்டங்களைக் கடல் தாண்டி டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டுக்கே கொண்டுபோனார்கள்.

இது வெறும் அலைச்சல் மட்டுமில்லை, வருமானமே இதில்தான் இருக்கிறது. மைதானத்தை வைத்திருப்பவருக்குத்தான் மதுக்கடை, சாப்பாட்டுக் கடை, விளம்பரப் பலகை, உறுப்பினர் அறை எல்லாவற்றின் காசும். வாடகைக்கு ஆடுபவருக்கு டிக்கெட்டில் மிஞ்சுவதுதான். பெரியவர் ஒருவர் தெருமுனையிலிருந்து நடந்து வந்து பார்த்த ஆட்டத்தை இப்போது இரண்டு டிராம் மாறிப் போய், வேறொரு கிளப்பின் கொடிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் சில வருடம் வருவார். பேரன் வர மாட்டான். அதனால்தான் கிளப்பின் முடிவு 1996-ல் வந்தாலும், ஆரம்பம் 1966 என்கிறேன்.

இத்தனைக்கும் ஆட்டம் மோசமாகி அழிந்த கிளப் என்று இதைச் சொல்ல முடியாது. 1979-ல் மெல்பர்ன் அணியை 238க்கு 48 என்று அடித்தார்கள். அந்த 190 புள்ளி வித்தியாசம் இன்றுவரை லீக்கில் யாரும் முறியடிக்காத சாதனை. 1981-ல் பெர்னி குவின்லன் பிரவுன்லோ வாங்கினார். 1983-லும் 1984-லும் நூறு கோலுக்கு மேல் உதைத்தார். 1986 இறுதிச் சுற்றில், அதற்கு முந்தைய இரண்டு வருடமும் கோப்பை வென்றிருந்த எசெண்டனை மிக் கான்லன் கடைசி நேரத்தில் உதைத்த கோலால் ஒரே ஒரு புள்ளியில் வென்றார்கள். அடுத்த வாரம் சிட்னியையும் வென்று, கோப்பை ஆட்டத்துக்கு ஒரு படி கீழே ஹாதார்னிடம் தோற்றார்கள். அந்தக் கிளப் இறுதிச் சுற்று கண்ட கடைசி வருடம் அது.

லீக் அப்போது மாநிலம் தாண்டிப் பெருகிக்கொண்டிருந்தது. சவுத் மெல்பர்ன் கிளப் 1982-லேயே சிட்னிக்குப் போயிருந்தது. 1990-ல் லீக் தன் பெயரையே ஏஎஃப்எல் என்று மாற்றியது. தொலைக்காட்சிப் பணம், பெருநகரங்கள், முழுநேர ஆட்டக்காரர்கள் என்று செலவு ஏறியது. ஃபிட்ஸ்ராயால் தான் வளர்த்த பிள்ளைகளையே பிடித்துவைக்க முடியவில்லை. கேரி பெர்ட் காலிங்வுட்டுக்கு, அலஸ்டர் லிஞ்ச் பிரிஸ்பேனுக்கு, பால் ரூஸ் சிட்னிக்கு.

1989-ல் ஃபிட்ஸ்ராயையும் ஃபுட்ஸ்கிரேயையும் இணைத்து ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ் என்று ஒரு கிளப் ஆக்க ஒப்பந்தமே ஆகிவிட்டது. ஃபுட்ஸ்கிரே மக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், வீடு வீடாகப் பணம் திரட்டினார்கள், சில வாரத்தில் தங்கள் கிளப்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு மைதானம் ஊர் நடுவில் இருந்தது, கூடிப் பேச இடம் இருந்தது. 2016-ல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்ற பெயரில் அந்தக் கிளப் கோப்பை வென்றபோது மெல்பர்னின் மேற்குப் பகுதியே தெருவுக்கு வந்தது.

ஃபிட்ஸ்ராய் கடனில் மூழ்கியது. கடன் கொடுத்தவர்களில் ஒருவர் நவ்ரூ. பசிபிக்கின் அந்தக் குட்டித் தீவு நாட்டுக்கு பாஸ்பேட் சுரங்கப் பணம் இருந்தது, மெல்பர்னில் சொத்துகள் இருந்தன, அதன் தேசிய விளையாட்டும் ஆஸ்திரேலிய ஃபுட்பால்தான். நவ்ரூ காப்பீட்டுக் கழகம் கொடுத்தது 12.5 லட்சம் டாலர். 1996 ஜூன் கடைசியில், பணம் திரும்பி வராத நிலையில், கிளப்புக்கு வெளியாள் ஒருவர் நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். அன்றோடு கிளப் அதன் உறுப்பினர்கள் கையைவிட்டுப் போனது.

அடுத்த வாரம் நடந்ததுதான் இன்றும் வயிறெரிய வைப்பது. நார்த் மெல்பர்னோடு இணைந்து மெல்பர்னிலேயே ஆட ஃபிட்ஸ்ராய் நிர்வாகத்தினர் பேசி முடித்திருந்தார்கள். ஏற்கெனவே பலமான நார்த் இதனால் இன்னும் பலமாகிவிடும் என்று மற்றக் கிளப்புகள் பயந்தன. ஜூலை 4-ல் அந்தத் திட்டத்தை நிராகரித்து, ஃபிட்ஸ்ராயை பிரிஸ்பேன் நகரத்தின் பிரிஸ்பேன் பேர்ஸ் கிளப்போடு சேர்த்தார்கள். அப்படி உருவானதுதான் பிரிஸ்பேன் லயன்ஸ். பிரிஸ்பேன் ஃபிட்ஸ்ராயின் எட்டு ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளலாம். மறு வருடம் போர்ட் அடிலெய்டு லீக்குக்குள் வரக் காத்திருந்தது, 16 கிளப்புக்கு மேல் ஏறாமல் இருக்க ஓர் இடம் காலியாக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதே வருடம் செப்டம்பரில் மெல்பர்ன், ஹாதார்ன் இரண்டையும் இணைக்கும் யோசனை வந்தபோது உறுப்பினர்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். ஹாதார்ன் உறுப்பினர்கள் வேண்டாம் என்றார்கள், இணைப்பு நின்றது. ஃபிட்ஸ்ராய் உறுப்பினர்களை யாரும் கேட்கவே இல்லை. கடன்காரருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் 113 வருடக் கிளப்பை எங்கே அனுப்புவது என்பதை அதன் ஆட்களைக் கேட்காமல் போட்டிக் கிளப்புகள் தீர்மானித்தது நியாயமில்லை.

அந்த சீசனில் அவர்கள் ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்திருந்தார்கள், ஃபிரீமேன்டிலோடு. மெல்பர்னில் கடைசி ஆட்டம் ஆகஸ்ட் 25 அன்று எம்சிஜி மைதானத்தில், ரிச்மண்டிடம் 151 புள்ளியில் தோல்வி. 48,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். செப்டம்பர் 1 அன்று பெர்த் நகரத்தின் சுபியாகோ மைதானத்தில், ஃபிரீமேன்டிலிடம் 86 புள்ளியில் தோற்றதோடு லீக்கில் எல்லாம் முடிந்தது.

சரி, பிரிஸ்பேன் லயன்ஸ் ஃபிட்ஸ்ராய்தானா? சட்டப்படி அந்தக் கிளப்பின் முழுப் பெயர் பிரிஸ்பேன் பேர்ஸ்-ஃபிட்ஸ்ராய் ஃபுட்பால் கிளப். சிங்கம் ஃபிட்ஸ்ராயுடையது. பிரெஞ்சு தேசிய கீதத்தின் மெட்டில் பாடும் பாட்டு ஃபிட்ஸ்ராயுடையது. 2001, 2002, 2003 என்று தொடர்ந்து மூன்று கோப்பை வென்ற அணியில் கிரிஸ் ஜான்சன், லிஞ்ச், மார்டின் பைக் என்று முன்னாள் ஃபிட்ஸ்ராய் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். பிற்பாடு பிரிஸ்பேன் அந்தப் பழைய சிங்கச் சின்னத்தை மாற்றியபோது ஃபிட்ஸ்ராய்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-ல் பழைய சிங்கம் சட்டைக்குத் திரும்பியது. 2024-ல் சிட்னியை 60 புள்ளியில் வென்ற மறுநாள், கோப்பையோடு அணி பிரன்ஸ்விக் தெரு மைதானத்துக்குத்தான் வந்தது. 2025-ல் மறுபடியும் வென்றார்கள். ஆனால் லீக்கின் பதிவேட்டில் ஃபிட்ஸ்ராயின் எட்டும் பிரிஸ்பேனின் ஐந்தும் தனித்தனிதான். பழைய ரசிகர்களில் ஒரு பகுதி பிரிஸ்பேனை ஏற்றுக்கொண்டது, ஒரு பகுதி ஃபுட்டி பார்ப்பதையே விட்டது. இரண்டு பக்கத்தையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் பதில்: பிரிஸ்பேன் லயன்ஸ் ஃபிட்ஸ்ராயின் வாரிசு, ஃபிட்ஸ்ராய் அல்ல. ஏனென்றால் ஃபிட்ஸ்ராய் கிளப் சாகவில்லை. நிர்வாகியின் பிடியிலிருந்து 1998-ல் வெளியே வந்தது. கொஞ்ச காலம் கோபர்க் கிளப்போடு சேர்ந்து ஆடியது. பிறகு யுனிவர்சிட்டி ரெட்ஸ் என்ற அமெச்சூர் கிளப்போடு இணைந்து 2009 முதல் விக்டோரியா அமெச்சூர் லீக்கில் ஃபிட்ஸ்ராய் ஃபுட்பால் கிளப் என்ற சொந்தப் பெயரிலேயே ஆடுகிறது. சம்பளம் கிடையாது. ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் உண்டு. ஆடும் இடம் பிரன்ஸ்விக் தெரு மைதானம். மெல்பர்னில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை 11-ஆம் எண் டிராமில் போய் எடின்பரோ பூங்காவில் இறங்கினால் ஆட்டத்தைப் பார்க்கலாம்.